உதறும் காட்சி

பாஸ்கோ வீட்டு டிவிக்குப் பின்னால்
இப்போது நாலு பெட்டி, ஏகப்பட்ட வயர்,
ஒரே ஒரு படம்.
ராயபுரம், மூன்றாவது மாடி, ஞாயிறு மதியம்.
மீன் குழம்பு வாசம் கையை விட்டுப் போவதற்குள்
நாலையும் பார்த்துவிட வேண்டும் என்கிறான்.
முழுப்படம் இல்லை. அந்தக் காட்சி மட்டும்:
மொட்டைமாடியில் அவள்
வெள்ளை விரிப்பை உதறுகிறாள்.

முதலில் கேசட்.
எம்.சி. ரோடு லைப்ரரியை மூடியபோது
எடைக்கு வாங்கியது.
விரிப்பு எது வானம் எது என்று தெரியாது.
நரைத்த நெளிவுக்குள்
ஏதோ ஒன்று கையாட்டும்.
படம் முடிந்த பிறகும் டேப் ஓடும்:
காலடிப்பேட்டையில் யாருக்கோ கல்யாணம்,
மாப்பிள்ளை பன்னீர் சோடா குடிக்கிறார்.
அவர் குடித்து முடித்த பிறகுதான்
எழுந்திருப்போம் அப்போதெல்லாம்.

அடுத்தது விசிடி, இரண்டு தட்டு,
பர்மா பஜாரில் முப்பது ரூபாய்.
"நீ திரும்பி வந்தா" என்று அவள் சொல்லும்போது
முதல் தட்டு தீர்ந்துபோகும்.
மாற்றிப் போட்டு வந்து உட்கார்ந்தால்
"நான் இங்க இருக்க மாட்டேன்" என்பாள்.
பத்து வருஷம் நம்பினேன்
அந்த மௌனம் டைரக்டர் வைத்தது என்று.

டிவிடியை யாரும் மதித்ததில்லை.
அட்டையில் கதாநாயகி பெயரே தப்பு.
அவள் "கரி இறங்குது" என்றால்
கீழே இங்கிலீஷில் குழம்பு இறங்கும்.
ஆனால் அதில்தான் முதன்முதலாகப் பார்த்தேன்,
உதறும்போது விழுகிற கறுப்பை.
ஹார்பர் கரி.
கப்பலில் இருந்து இறங்கி, காற்றில் ஏறி,
கேட்காமல் எங்கள் கொடிக்கு வந்து உட்காரும்.
பி.டி. பீரியடில் வரிசையாக நிற்க வைத்தால்
துறைமுகப் பக்கத்துப் பிள்ளைகள் யார் யார் என்று
சட்டையை வைத்தே சொல்லிவிடுவாள்
விமலா மிஸ்.

இப்போது புதுசு, ப்ளூரே.
வெளிநாட்டில் இருந்து வந்தது;
பாஸ்கோவின் போனஸில் பாதி.
கூடவே வழவழப்பான சின்னப் புத்தகம்.
அதில் எழுதியிருக்கிறது, பெருமையாக:
ஒரு லட்சத்துப் பதினாறாயிரம் தூசுப் புள்ளிகள்
ஒவ்வொரு ஃபிரேமாக அகற்றப்பட்டன.

அவள் மேலுதட்டு வியர்வை தெரிகிறது.
தூரத்து கிரேனில் எழுதியிருக்கும் எண் தெரிகிறது.
விரிப்பு
தும்பைப்பூ.
உதறுகிறாள்.
ஒன்றும் விழவில்லை.
முகத்தைத் திருப்பிக்கொண்டு, கண்ணைச் சுருக்கிக்கொண்டு
மறுபடி உதறுகிறாள்.

"டேய், பிலிம்ல ஒட்டின அழுக்கு இல்லடா அது.
காத்துல இருந்தது."

"இப்பதான் சரியா இருக்கு," என்கிறான்.
"ஸ்டிரைக்குக்குப் போனவன் வரல.
கை சும்மா இருக்க மாட்டேங்குது.
ஒண்ணுமே இல்லாததப் போட்டு உதறுறா.
பாரேன்."

"அது அவ நடிச்சதில்ல. அழிச்சவன் நடிச்சது."

"அப்ப உன் மௌனம்?
பர்மா பஜார்காரன் வச்சதுதானே?"

ரிமோட் அவன் கையில் இருந்தது.
தள்ளிவிட்டான், அந்த வசனத்துக்கு.
ஒரே மூச்சில் சொல்லி முடித்தாள்:
நீ திரும்பி வந்தா நான் இங்க இருக்க மாட்டேன்.
சண்டைக்குச் சொல்வதுபோல இருந்தது.
நடுவில் எழுந்துபோய் வர
எனக்கு நேரமே கொடுக்கவில்லை.

இப்போது எழுந்தேன்.
மேகம் கட்டுது, துணிய எடுக்கணும் என்று
ஃப்ளோரா அடுப்படியில் இருந்து
யாரிடம் என்றில்லாமல் சொல்லிக்கொண்டிருந்தாள்.

மாடியில் நல்ல காற்று.
கரி எண்ணூருக்குப் போய்ப் பல வருஷம்;
அங்கே யார் கொடியில் உட்கார்ந்திருக்கிறதோ.
தலையணை உறைகள், ஒரு யூனிஃபார்ம்,
கடைசியில் வெள்ளையாக ஒரு பெட்ஷீட்.
கிளிப்பைக் கழற்றினேன்.
இரண்டு முனையையும் பிடித்து,
முகத்தைத் திருப்பிக்கொண்டு,
உதறினேன் மூன்று முறை.

அதற்குப் பிறகுதான் படிக்கட்டைப் பார்த்தேன்,
பாஸ்கோ ஏறி வரவில்லையே என்று.